வீட்டு மோனோபிளாக் மோட்டாரைக் கழற்றி, சீல் - பேரிங் மாற்றி, பத்திரமாகத் திரும்ப மாட்டுவது எப்படி

மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே, அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டையோ பிளவோ இருக்கும். பல பேர் அதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். அதிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தால் உள்ளே தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் சீல் போய்விட்டது என்று அர்த்தம். கொஞ்சம்தானே சொட்டுகிறது, மோட்டார்தான் ஓடுகிறதே என்று விட்டுவிட்டால், அந்தத் தண்ணீர் நடுவில் சுற்றும் தண்டான ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டே போய் முன்பக்க பேரிங்கில் ஏறும், கிரீஸ் கெட்டுத் துரு பிடிக்கும், பேரிங் கரகரவென்று கத்த ஆரம்பிக்கும், அப்புறம் ஒரு நாள் இறுகிவிடும், இறுகிய மோட்டார் சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டே நிற்கும், அப்படி நிற்கும்போது கரண்ட் நாலைந்து மடங்கு ஏறி, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் எரியும். சின்ன ரப்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரு சீலில் முடிந்திருக்க வேண்டிய செலவு, காயில் கட்டும் கூலியில் போய் நிற்கும். எனக்கு வேலைக்கு வந்த எரிந்த மோட்டார்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

இங்கே நான் சொல்வது தொட்டியிலிருந்து மாடி டேங்குக்கு ஏற்றும் அரை எச்.பி., ஒரு எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் பற்றி. மோட்டாருக்கும் பம்புக்கும் ஒரே ஷாஃப்ட் என்பதால்தான் அந்தப் பெயர். தோட்டத்து 5 எச்.பி. மும்முனை மோனோபிளாக்கும் உள்ளே ஏறக்குறைய இப்படித்தான், வித்தியாசம் வரும் இடத்தில் சொல்கிறேன். போர்வெல் சப்மெர்சிபிள் வேறு கதை, அதைத் தூக்கி இறக்கவே ஆளும் செயின் பிளாக்கும் வேண்டும், இதைப் படித்துவிட்டு அதில் கை வைக்காதீர்கள்.

கழற்றுவதற்கு முன் கழற்ற வேண்டுமா என்று பாருங்கள். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, மோட்டார் சுற்ற ஆரம்பிக்க உதவும் கெப்பாசிட்டரை. உப்பியிருந்தால் அதுதான். உப்பாமலும் போயிருக்கலாம், மல்டிமீட்டரில் கெப்பாசிட்டர் பார்க்கும் வசதி இருந்தால் வைத்துப் பாருங்கள். மேலே எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம், அதே அளவு, அதே 440 வோல்ட். ஊருக்குப் போய் ரெண்டு மாதம் கழித்து வந்து சுவிட்ச் போட்டால் உறுமுகிறது என்றால், பெரும்பாலும் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். மோட்டாரின் பின்பக்கம், ஃபேன் மூடியின் நடுவில் தெரியும் ஷாஃப்ட் நுனியில் ஸ்குரூடிரைவர் நுழைகிற மாதிரி ஒரு வெட்டு பல மோட்டார்களில் இருக்கும், அதில் வைத்து இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பினால் விட்டுவிடும். இந்த இரண்டுக்கும் மோட்டாரைப் பிரிக்கத் தேவையில்லை. ஆனால் இதற்குக்கூட, கரண்டைத் துண்டிக்கவும் கெப்பாசிட்டர் சார்ஜை இறக்கவும் கீழே சொல்வதைச் செய்யாமல் கை வைக்கக் கூடாது.

எனக்கு 19 வயது இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் மாமாவின் கிணற்றில் மோட்டார் பேரிங் சத்தம் கேட்டது. மும்முனை மின்சாரம் போயிருந்த நேரம், அது திரும்ப வர இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் பார்த்துவிடலாம் என்று ஃபேன் மூடியைக் கழற்றி, ஷாஃப்டைக் கையால் சுற்றிச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரைப் போடும் ஆட்டோ ஸ்டார்ட்டரை ஆஃப் செய்யவில்லை. கரண்ட் நேரத்துக்கு முன்னாலேயே வந்தது. ஸ்டார்ட்டர் 'டக்' என்ற சத்தம் கேட்டுக் கையை எடுப்பதற்குள் ஃபேன் இறக்கை என் இடது கை நடுவிரலைப் பிளந்துவிட்டது. தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு விரலோடு போனது, துண்டோ சட்டைக் கையோ மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் கரண்ட் இல்லாத நேரத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். நீங்களே உங்கள் கையால் துண்டித்தால்தான் துண்டித்த கணக்கு. தோட்டத்தில் மும்முனை போன பிறகும் வீட்டு விளக்குக்கு வரும் கரண்ட் அதே கம்பிகளில் ஓடிக்கொண்டிருக்கலாம், ஸ்டார்ட்டர் வரைக்கும் ஃபேஸ் நிற்கலாம். மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் ஆன் செய்யும் ஸ்டார்ட்டர் என்றால் இன்னும் கவனம் வேண்டும், அந்த போன் வீட்டில் யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். வீட்டிலும் இதே ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது. டேங்கில் தண்ணீர் குறைந்தால் தானாக மோட்டாரைப் போடும் லெவல் கன்ட்ரோலர் இப்போது நிறைய வீடுகளில் உண்டு. நீங்கள் கீழே மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள், மாடியில் யாரோ குளித்துக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் இறங்கினால் அது தன் வேலையைச் செய்யும்.

ஒரு வீட்டில் போய் நின்றதும், "சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டேனுங்கண்ணா, நீங்க கழட்டுங்க" என்று அந்த வீட்டுத் தம்பி சொன்னான். "இருக்கட்டும் தம்பி, எம்சிபி எங்க இருக்குன்னு காட்டுங்க, நானே இறக்கிக்கறேன்" என்றேன். எம்சிபி என்பது போர்டில் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச். அதை இறக்கிவிட்டு வந்து, மோட்டாரில் வயர்கள் சேரும் டெர்மினல் பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்தால் 230 வோல்ட் காட்டுகிறது. போர்டில் பெயர் எழுதியிருந்த எம்சிபி வேறு எதற்கோ உரியது. சுவிட்ச் இருந்ததோ நியூட்ரலில், அதை ஆஃப் செய்தால் மோட்டார் நிற்கும், ஆனால் ஃபேஸ் காயில் வரை வந்து நிற்கும். நம் ஊர் வயரிங்கில் இது அபூர்வம் இல்லை.

ஆகவே முறை இதுதான். எம்சிபியை இறக்குங்கள், முடிந்தால் இரண்டு கம்பியையும் துண்டிக்கும் டபுள் போல் எம்சிபியை. அதன்மேல் டேப் ஒட்டி 'வேலை நடக்கிறது' என்று எழுதி வையுங்கள், வீட்டில் எல்லோரிடமும் வாயாலும் சொல்லிவிடுங்கள். மீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் வேறு ஒரு பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் மோட்டார் டெர்மினலில் ஃபேஸ் - நியூட்ரல், ஃபேஸ் - எர்த், நியூட்ரல் - எர்த் மூன்றையும் பாருங்கள், பார்த்த பிறகு மறுபடி அந்த பிளக்கில் ஒரு தடவை வையுங்கள். நடுவில் மீட்டரின் பேட்டரி போயிருந்தால் அது பூஜ்யம் காட்டும், நாம் நம்பிவிடுவோம், அதற்காகத்தான் இந்த மூன்றாவது தடவை. டெஸ்டர் மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், காய்ந்த பலகை மேல் ரப்பர் செருப்போடு நின்றால் நல்ல டெஸ்டரே மங்கலாகத்தான் எரியும், வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று, கெப்பாசிட்டர். கரண்டை எடுத்த பிறகும் அது சார்ஜ் வைத்திருக்கலாம். ஸ்குரூடிரைவரால் இரண்டு முனையையும் சேர்த்து 'பட்' என்று பொறி பறக்க விடுவார்கள், அது வேண்டாம், கண்ணில் தெறிக்கும், கெப்பாசிட்டரும் கெடும். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு இரண்டு வயர் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், வயரின் இன்சுலேஷன் பகுதியைப் பிடித்துக்கொண்டு நுனிகளைக் கெப்பாசிட்டர் முனைகளில் சில நொடி வைத்தால் சார்ஜ் பல்பு வழியாக இறங்கிவிடும். அதன் பிறகு மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இப்போது டெர்மினல் பெட்டி. வயரைக் கழற்றும் முன் போனில் நாலு படம் எடுங்கள், வெளிச்சமாக, இரண்டு கோணத்தில். அதோடு ஒவ்வொரு வயரிலும் சின்ன டேப் சுற்றி எண் எழுதுங்கள், படம் மட்டும் போதாது, அழுக்கில் சிவப்பும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும். காயிலிலிருந்து பொதுவாக மூன்று வயர் வரும், ரன்னிங், ஸ்டார்ட்டிங், காமன். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டேப் கழன்று எது எது என்று தெரியாமல் போனால் பயப்பட வேண்டாம். மீட்டரை ஓம்ஸில் வைத்து மூன்று ஜோடியையும் அளந்து பாருங்கள். அதிகமாகக் காட்டும் ஜோடியில் சேராமல் தனியாக நிற்பதுதான் காமன். அந்தக் காமனிலிருந்து அளந்தால் குறைவாகக் காட்டுவது ரன்னிங், அதிகம் காட்டுவது ஸ்டார்ட்டிங். கெப்பாசிட்டர் ரன்னிங் முனைக்கும் ஸ்டார்ட்டிங் முனைக்கும் நடுவே வரும், சப்ளை காமனுக்கும் ரன்னிங்குக்கும் போகும். சப்ளையைத் தவறி ஸ்டார்ட்டிங் முனையில் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், மெல்லிய ஸ்டார்ட்டிங் காயில் முழுச் சுமையையும் தாங்கிச் சூடாகி எரியும். சரியாகத்தான் மாட்டினேன், பத்து நிமிடத்தில் புகை வந்துவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் செய்த தவறு இதுதான்.

பைப்பைக் கழற்றி, பம்பின் வெளிக் கூடான கேசிங்கின் அடியில் இருக்கும் பிளக்கைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, மோட்டாரைத் தொட்டி ஓரத்திலிருந்து தூக்கிக் காய்ந்த இடத்துக்குக் கொண்டு போங்கள். ஈரத் தரையில் குந்திக்கொண்டு இந்த வேலை செய்யாதீர்கள். மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து அதில் வைத்துப் பிரித்தால் விழும் வாஷர் கண்ணுக்குத் தெரியும்.

கேசிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகத் தளர்த்துங்கள். கேசிங் வந்ததும் இம்பெல்லர் தெரியும். அது இரண்டு விதமாகப் பிடித்திருக்கும். ஒன்று, ஷாஃப்டில் கீ வைத்து நுனியில் நட் போட்டது. இன்னொன்று, இம்பெல்லரையே ஷாஃப்டில் மரை போட்டு ஏற்றியது. மரை ரகத்தில், மோட்டார் ஓடும்போது இம்பெல்லர் இறுகும்படிதான் மரை வெட்டியிருப்பார்கள், அதனால் பின்னால் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு, கேசிங்கில் அம்புக்குறி காட்டும் பக்கமாக இம்பெல்லரைத் திருப்பினால் கழலும். இறக்கைகளுக்கு நடுவே ஸ்குரூடிரைவரைச் சொருகி நெம்பாதீர்கள். பித்தளை ஓரம் சின்னதாக உடைந்தாலும் இம்பெல்லர் ஆட ஆரம்பிக்கும், புது பேரிங்கையும் அது தின்றுவிடும். விடவில்லை என்றால் துரு நீக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் ஊற வையுங்கள். அவசரப்பட்டு அடிக்கும் அந்த ஒரு அடியில் ஷாஃப்ட் வளைந்தால் எல்லாம் வீண்.

அரை எச்.பி. செல்ஃப் பிரைமிங் ரகத்தில் இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகமிகக் குறைவு, அதைத் தீர்மானிப்பதே அந்த மெல்லிய காகித கேஸ்கெட்தான். பழைய கேஸ்கெட்டைக் கிழித்து எறிந்துவிட்டுத் தடிமனான ரப்பர் ஷீட்டை வெட்டிப் போட்டால் கசிவு நிற்கும், ஆனால் தண்ணீர் மாடிக்கு ஏறாது. பழைய கேஸ்கெட்டைக் கடைக்கு எடுத்துப் போய் அதே தடிமனில் வாங்குங்கள்.

இனி சீல். இது இரண்டு துண்டு. ஒன்று பின் தட்டில் ரப்பர் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் வெள்ளை செராமிக் வளையம். மற்றொன்று ஷாஃப்டோடு சுற்றும் கரிய கார்பன் வளையம், பின்னால் ரப்பரும் ஸ்பிரிங்கும். இந்த இரண்டு முகமும் ஒன்றை ஒன்று தேய்த்துக்கொண்டு சுற்றுவதில்தான் தண்ணீர் நிற்கிறது. பழைய கார்பன் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், நல்லதாக இருந்தால் கண்ணாடி மாதிரி ஒரே வளையமாகப் பளபளக்கும், போனதாக இருந்தால் கிராமபோன் தட்டு மாதிரி கோடு கோடாகவும் ஓரத்தில் சிறு சில்லுகளாகவும் தெரியும். ஒன்றை மட்டும் மாற்றுவது கூடாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புது சீலின் முகங்களை விரலால் தொடாதீர்கள், தொட்டுவிட்டால் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். ரப்பரில் கிரீஸ் தடவி ஏற்றும் பழக்கம் பலருக்கு உண்டு, சில ரக ரப்பர் கிரீஸ் பட்டால் ஊதிவிடும், சோப்புத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். செராமிக் துண்டை அதன் குழியில் துணி வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள், சுத்தியல் பக்கமே போக வேண்டாம். கார்பன் துண்டை மாட்டும் முன் ஷாஃப்டில் அதன் ரப்பர் உட்காரும் இடத்தை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் ஒழுகும், லேத்தில் காட்ட வேண்டியதுதான்.

பழைய தோட்டத்து பம்புகளில் சீலுக்குப் பதில் கிளாண்ட் கயிறு இருக்கும். அதை வளையம் வளையமாக வெட்டி, ஒரு வளையத்தின் இணைப்பு அடுத்ததின் இணைப்புக்கு நேரே வராமல் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அது சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும், அந்தத் தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது, ஒரு சொட்டும் வராமல் இறுக்கினால் ஷாஃப்டை அறுத்துவிடும்.

சீலைத் தாண்டி, பேரிங்குக்கு முன்னால் ஷாஃப்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். சீல் கசிந்தாலும் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்த வளையம் சுற்றும் வேகத்தில் வெளியே வீசும், வீசியது கீழே இருக்கும் அந்த ஓட்டை வழியாக வடியும். யாரோ முன்னால் சர்வீஸ் செய்தபோது அதைத் திரும்பப் போட மறந்த மோட்டார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓட்டையும் சுண்ணாம்பு படிந்து அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தி அதைத் திறந்துவிடுங்கள். இவ்வளவு பெரிய மோட்டாரைக் காப்பாற்றுவது இந்தச் சின்ன வளையமும் ஒரு ஓட்டையும்தான் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

மோட்டார் பக்கம் வருவோம். ஃபேன் மூடி, ஃபேன் கழற்றியதும், பாடிக்கும் இரண்டு பக்க மூடிக்கும் நடுவே சென்டர் பஞ்ச்சால் குறி போடுங்கள், முன்பக்கம் ஒரு புள்ளி, பின்பக்கம் இரண்டு புள்ளி. மூடி எந்தத் திசையில் உட்கார்ந்திருந்ததோ அதே திசையில் திரும்ப உட்கார வேண்டும். நீள போல்ட்டுகளைக் கழற்றி, மரச் சுத்தியலால் மூடியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினால் மெல்ல விலகும். ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் ரோட்டாரை இழுக்கும்போது நிதானம் வேண்டும். ரோட்டாருக்கும், காயில் கட்டியிருக்கும் சுற்றாத பகுதியான ஸ்டேட்டருக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, சாய்த்து இழுத்தால் ரோட்டார் காயில் தலையில் உரசும், எனாமல் உரிந்த இடம் அன்றைக்குத் தெரியாது, மழைக்காலத்தில் பாடியில் கரண்ட் அடிக்கும்போது தெரியும். காயில் மேல் அட்டைத் துண்டு ஒன்றைச் சொருகி வைத்துக்கொண்டு நேராக இழுங்கள்.

காயிலைப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். எரிந்த வார்னிஷ் வாசனையும் கருப்பும் இருந்தால் நம் வேலை அங்கேயே முடிந்தது, காயில் கட்டுபவரிடம் கொடுத்துவிடுங்கள். நன்றாக இருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி ஊதிவிடுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், வார்னிஷும் போகும், ஒரு பொறி பட்டால் நீங்களும் போவீர்கள். ஈரம் ஏறியிருந்தால் ஸ்டேட்டருக்குள் ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பைக் காயில் மேல் படாமல் தொங்கவிட்டு இரவு முழுவதும் எரிய விடுங்கள், காலையில் காய்ந்திருக்கும்.

காய்ந்ததா என்று உறுதி செய்ய, இன்சுலேஷன் பார்க்கும் மீட்டரான 500 வோல்ட் மெகர் வேண்டும். கெப்பாசிட்டரைத் தனியாக எடுத்துவிட்டு, காயிலுக்கும் பாடிக்கும் நடுவே வைத்தால் குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும், நல்ல காயில் பத்து, நூறு என்று காட்டும். ஒன்றுக்குக் கீழே என்றால் கரண்ட் கொடுக்கவே கூடாது. சாதா மல்டிமீட்டர் சில வோல்ட்டில் மட்டும் பார்ப்பதால் அது 'எல்லாம் சரி' என்று சொல்வதை நம்ப முடியாது. மெகர் உங்களிடம் இல்லை என்றால் ஸ்டேட்டரைக் காயில் கட்டும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், இரண்டு நிமிட வேலை. ஃபேஸை நேரே பாடிக்குச் சீரிஸ் பல்பு வழியாகக் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு, வீட்டில் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

பேரிங். எண் அதன் ஓரத்திலேயே இருக்கும், 6202, 6203, 6204 என்று. 6202 என்றால் உள் துளை 15 மி.மீ., 6203 என்றால் 17, 6204 என்றால் 20. எண்ணுக்குப் பின்னால் இசட்-இசட் என்றிருந்தால் இரண்டு பக்கமும் தகடு, ஆர்எஸ் என்றிருந்தால் ரப்பர். தண்ணீர்ப் பக்கம் ரப்பர் மூடியதைப் போடுவது என் வழக்கம். பழையதைப் புல்லர் வைத்து எடுங்கள், புல்லரின் நகம் உள் வளையத்தைப் பிடிக்க வேண்டும். புதியதை ஏற்றும்போது, உள் வளையத்தில் மட்டும் உட்காரும் ஒரு பைப் துண்டை வைத்து நேராகத் தட்டுங்கள். வெளி வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழி விழும், புது பேரிங் முதல் நாளே 'ஙொய்' என்று கத்தும். கடையில் மட்டமான பேரிங் கொடுத்துவிட்டான் என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம், கெடுத்தது நம் சுத்தியல். இரண்டு பக்கமும் மூடிய பேரிங்கில் கிரீஸ் வைக்கத் தேவையில்லை. திறந்த ரகம் என்றால் மூன்றில் ஒரு பங்கு கிரீஸ் போதும், நிறைத்து அடைத்தால் சூடாகும்.

மூடியில் பேரிங் உட்காரும் குழி தேய்ந்து, பேரிங் கையால் போட்டாலே லொடலொடவென்று விழுந்தால், குழியைச் சுற்றிப் பஞ்ச்சால் குத்திப் புடைக்க வைப்பதும் தகரம் சொருகுவதும் வேண்டாம். அப்படி மாட்டினால் ரோட்டார் மையம் விட்டு விலகி ஸ்டேட்டரில் உரசும். லேத்தில் குழிக்குள் புஷ் என்ற வளையம் அடித்துத் தருவார்கள். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இலேயே மோட்டார் செய்துவிட்டார்கள், அந்த வழியில் வளர்ந்த பட்டறைகள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு, நல்ல லேத்துக்காரர் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்வது இந்த வேலையில் பாதி பலம்.

திரும்ப மாட்டும்போது ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டு ஏறியதும், ஒவ்வொரு போல்ட் முடுக்கியதும் ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ரோட்டார் உள்ளே போனதும் ஒரு சுற்று. ஒரு பக்கக் குழியில் அலை அலையாக வளைந்த ஒரு வாஷர் இருக்கும், பேரிங்கைத் தள்ளிப் பிடிக்கும் ஸ்பிரிங் அது, அதை எந்தப் பக்கத்தில் எடுத்தீர்களோ அதே பக்கத்தில் போட்டுக் குறிகளை நேர் செய்து மூடியை வைத்ததும் ஒரு சுற்று. நீள போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று. எந்தச் சுற்றில் கை கனக்கிறதோ, தவறு அதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. எல்லாவற்றையும் முடுக்கிவிட்டுக் கடைசியில் சுற்றிப் பார்த்து இறுக்கமாக இருந்தால் எங்கே தேடுவீர்கள்? மூடி சாய்ந்திருந்தால் போல்ட்டைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் எதிர்ப்பக்கம் ஒரு தட்டு தட்டினால் சட்டென்று இளகும், அந்த இளக்கம் விரலுக்கு நன்றாகத் தெரியும்.

இம்பெல்லர் போடும் முன், மோட்டாரை மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பலகையில் போல்ட் போட்டோ கிளாம்ப் போட்டோ கட்டுங்கள், ஸ்டார்ட் ஆகும்போது அது துள்ளும். ஃபேன் மூடி போட்டிருக்க வேண்டும், எர்த் வயர் இணைத்திருக்க வேண்டும், கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கும் சர்க்யூட்டிலிருந்து சப்ளை எடுங்கள். சீல் ஏற்றும் முன்னாலேயே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், தண்ணீர் இல்லாமல் சில நொடி சுற்றினாலே சீல் முகம் சூடாகி வெடித்துவிடும். சுற்றும் திசையையும் இப்போதே அம்புக்குறியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மும்முனை மோட்டாரில் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்றில் ஏதாவது இரண்டு வயரை மாற்றினால் போதும். மரை இம்பெல்லரைப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓட்டினால் அது கழன்று போய்க் கேசிங்கில் மோதும். சத்தம் ஒரே சீராக, காற்று வீசுவது மாதிரி இருக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் சுமை இல்லாமலே கணிசமான ஆம்பியர் எடுக்கும், கிளாம்ப் மீட்டரில் அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஆஃப் செய்து, எம்சிபி இறக்கி, மீட்டர் வைத்து, கெப்பாசிட்டரை பல்பால் இறக்கி, மறுபடி அந்த எல்லாவற்றையும் செய்யுங்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தானே பார்த்தோம் என்று தோன்றும், அதற்குள் ஒரு தடவை கரண்ட் கொடுத்திருக்கிறோம்.

அப்புறம் ரப்பர் வளையம், பின் தட்டு, சீல், இம்பெல்லர், கேஸ்கெட், கேசிங், ஒவ்வொன்றுக்கும் கையால் ஒரு சுற்று. இடத்தில் வைத்துப் பைப்பை மாட்டும்போது பைப்பின் கனம் பம்ப் மேல் தொங்கக் கூடாது, பைப்புக்குத் தனியாகக் கிளாம்ப் கொடுங்கள். டெர்மினலில் வயரை முறுக்கி டேப் சுற்றி விடாமல், லக் கிரிம்ப் செய்து முடுக்குங்கள். எர்த் ஸ்குரூ உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியச் செய்யுங்கள். நிறைய மோட்டார்களில் எர்த் வயர் இருக்கும், பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், இருந்தும் இல்லாத கணக்கு. மீட்டரில் பாடிக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். ஈரமான தொட்டி ஓரத்தில் வெறுங்காலோடு குழந்தைகள் வந்து தொடும் பொருள் இது, எர்த் விஷயத்தில் 'பார்த்துக்கலாம்' என்ற பேச்சே வேண்டாம்.

பம்புக்குள் தண்ணீர் நிரப்பி, காற்று வெளியேறும் வரை பொறுத்து, பிளக்கை மூடிவிட்டு ஓட்டுங்கள். நேம் பிளேட்டில் எழுதிய ஆம்பியரோடு கிளாம்ப் மீட்டரை ஒப்பிடுங்கள். அரை மணி நேரம் கழித்துப் புறங்கையால் பாடியைத் தொட்டால் சுடத்தான் செய்யும், சில நொடிக்கு மேல் வைக்க முடியாத சூடு பல மோட்டார்களுக்கு இயல்புதான். ஆனால் பேரிங் இருக்கும் முன் மூடி மட்டும் தனியாகக் கொதித்தால், இறுக்கம் எங்கோ இருக்கிறது, நிறுத்திவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

டெர்மினல் மூடியின் உட்புறம் மார்க்கரால் தேதி, இரண்டு பக்க பேரிங் எண், கெப்பாசிட்டர் அளவு மூன்றையும் எழுதி மூடுங்கள். அடுத்த தடவை திறப்பவர் நீங்களாகவும் இருக்கலாம், வேறு யாராவதாகவும் இருக்கலாம். மறுநாள் காலையில் ஒரு ஓட்டம் ஓட்டி நிறுத்திவிட்டு, எம்சிபியை இறக்கி, அடிப்பக்கத்து ஓட்டையில் விரலை வைத்துத் துடைத்துப் பாருங்கள். காய்ந்து வந்தால் சீல் சரியாக உட்கார்ந்துவிட்டது. லேசாக ஈரம் இருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள், புது முகங்கள் தேய்ந்து பொருந்த அவ்வளவு நேரம் எடுக்கும். நாலாவது நாளும் சொட்டினால் கேசிங்கைத் திறந்து, செராமிக் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.